போக்கிமான் போரில் அணி வகுக்கும் முறை

சதுரங்கம் ஆடுவோனை அறிவாளி என்று உலகம் போற்றும். போக்கிமான் ஆடுவோனைக் கண்டால், "இன்னும் சிறுபிள்ளைத்தனம் போகவில்லையே!" என்று நகைக்கும். வால் முளைத்த எலியையும் தீ உமிழும் பல்லியையும் பிடித்துச் சேர்க்கும் ஆட்டந்தானே என்பது நகைப்போர் எண்ணம். சேர்ப்பது சிறுபிள்ளை வேலையாகவே இருக்கட்டும். ஆனால், சேர்த்தவற்றுள் ஆறனைத் தெரிந்தெடுத்து, மற்றொருவர் தெரிந்தெடுத்த ஆறனோடு மோத விடுவது சிறுபிள்ளை வேலையன்று. அதற்குக் கணக்கு வேண்டும். மாற்றார் மனத்தை அறியும் நுட்பம் வேண்டும். தோல்வியை ஆராயும் பொறுமையும் வேண்டும்.

நம் விடுதிகளில் வங்காளத்தாரும் பஞ்சாபியரும் நம்மவரும் இரவுணவுக்குப் பின் கூடியிருந்து ஆடும் ஆட்டங்களுள் இதுவும் ஒன்று. நம் மன்றத்து இளைஞர் சிலர் வலிமை மிக்க ஆறு போக்கிமான்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, "இவ்வளவு வலிமை இருந்தும் ஏன் தோற்கிறோம்?" என்று திகைக்கின்றனர். அத்திகைப்பைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆட்டத்தை அறியாதவரும் தொடர்ந்து படிக்கலாம். தேவையானவற்றைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறேன்.

ஆட்டத்தின் இயல்பு

ஜப்பானியராகிய சதோஷி தஜிரி என்பவர் இளமையில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்புடையவர். அவ்விருப்பத்திலிருந்து பிறந்ததே இவ்வாட்டம். 1996 பிப்ரவரி 27 அன்று நின்டெண்டோவின் கேம் பாய் என்னும் கைப்பொறிக்காக ஜப்பானில் வெளிவந்தது. காட்சி ஆட்டத்துக்கென உலகப் போட்டி 2009-இல் தொடங்கிற்று.

போட்டிகளில் பெரிதும் ஆடப்படுவது இரட்டைப் போர். ஒவ்வொருவரும் ஆறு போக்கிமான்களைக் கொண்டுவருவர்; அவற்றுள் நான்கினையே அப்போரில் இறக்குவர்; களத்தில் ஒரு நேரத்தில் இரண்டு நிற்கும். எல்லாம் 50-ஆம் படியில் நின்று பொருதும். 2011 முதல், போர் தொடங்குமுன் ஒருவர் ஆறனை மற்றவர் காண்பது வழக்காயிற்று. ஆறனுள் முன்வரிசைக்கு இரண்டும் பின்வரிசைக்கு இரண்டும் தெரிவதற்கு 90 வழிகள் உள்ளன. எனவே ஆறன் அணி என்பது ஒரே படையன்று; தொண்ணூறு படைகளுக்கு இடமளிக்கும் களஞ்சியம்.

ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஆறு அளவுகள் உண்டு: உயிர், தாக்கு, காப்பு, சிறப்புத் தாக்கு, சிறப்புக் காப்பு, விரைவு. அது நான்கு வித்தைகள் கற்றிருக்கும். தனித்திறன் ஒன்று பெற்றிருக்கும். பொருள் ஒன்றைக் கையில் ஏந்தியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, டைப் எனப்படும் இனம் ஒன்றோ இரண்டோ அதற்கு உண்டு. இனங்கள் முதலில் 15. 1999-இல் இருளும் எஃகும் சேர்ந்து 17 ஆயின. 2013-இல் தேவதை இனம் சேர்ந்து 18 ஆயின. நீர் நெருப்பை இரு மடங்கு வருத்தும். நெருப்பு நீரைப் பாதியளவே வருத்தும். மின்சாரம் நிலத்தை ஒன்றும் செய்யாது. ஈரினம் உடையதற்கு இரண்டின் மதிப்பையும் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஆதலால் நான்கு மடங்கும் வரும். கால் பங்கும் வரும்.

வலிமை என்பது யாது?

ஆறு அளவுகளின் அடிப்படை எண்களைக் கூட்டினால் வருவது ஒரு போக்கிமானின் மொத்தம். டிராகனைட், சாலமென்ஸ், கார்சாம்ப் ஆகிய மூன்றுக்கும் இம்மொத்தம் 600. இத்தகைய மொத்தம் உடையவை சிலவே. புதிதாக ஆடுவோர் கண்ணுக்கு இம்மூன்றும் ஓரணியில் இருப்பது பெருவலிமையாகத் தோன்றும்.

உண்மை யாது? முதலிரண்டும் டிராகன், பறத்தல் என்னும் ஈரினத்தவை. மூன்றாவது டிராகன், நிலம் என்னும் ஈரினத்தது. பனி இவ்வினங்கள் ஒவ்வொன்றையும் இரு மடங்கு வருத்துவது. ஆகவே மூன்றுக்குமே பனித் தாக்குதல் நான்கு மடங்கு.

இவற்றின் எதிரே அலோலா நைன்டேல்ஸ் என்னும் வெண்ணரி நிற்கிறது என்று கொள்வோம். அதன் மொத்தம் 505 தான்; பனி, தேவதை என்பன அதன் இனங்கள். அது களம் புகும்போதே பனிப்பொழிவை உண்டாக்கும் தனித்திறனைப் பெறவல்லது. பிளிசர்ட் என்னும் பனிப்புயல் இயல்பாக நூற்றுக்கு எழுபது முறையே குறி தாக்கும், பனிப்பொழிவிலோ தவறாது. எதிரிகள் இருவரையும் ஒருசேரத் தாக்குவதால் வேகம் முக்கால் பங்காகக் குறையும். நான்கின் முக்கால் மூன்று. தன்னினத் தாக்குதலுக்குரிய ஒன்றரை மடங்கைச் சேர்த்தால் நான்கரை மடங்கு. இவ்வடி இரு எதிரிகள் மீதும் விழுகிறது! அடிப்படை விரைவு நரிக்கு 109. மற்ற மூன்றுக்கும் முறையே 80, 100, 102. டிராகன் தாக்குதலோ தேவதை இனத்தைத் தீண்டவே தீண்டாது.

தொண்ணூற்றைந்து குறைந்தது அறுநூற்றை வெல்கிறது. ஏன்? மூன்று வீரரும் ஒரே வாயில் வழியே வீழ்வர். தனித்தனியே எடைபோட்டால் மூவரும் வீரரே. சேர்த்து எடைபோட்டால் மூவரும் ஒரே குறையின் மூன்று படிகள். இக்கட்டுரை கூறவந்த செய்தி இதுவே: அணியில் ஒன்றன் மதிப்பு அதனிடம் மட்டும் இல்லை, உடன் நிற்பவற்றோடு அதற்குள்ள உறவில் இருக்கிறது.

குறையை மூடும் சங்கிலி

இனி ஓரணியை அடியிலிருந்து கட்டிப் பார்ப்போம். 2022-இல் வெளிவந்த ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களின் முறையைக் கொள்கிறேன்.

முதலில் கார்சாம்பை வைப்போம். நல்ல தாக்கும் நல்ல விரைவும் உடையது. அதனை வருத்துவன மூன்று: பனி, டிராகன், தேவதை. இம்மூன்றையும் தாங்குவது எது? எஃகு இனம். ஆகவே எஃகும் பேயும் கலந்த கோல்டெங்கோவை இரண்டாவதாகச் சேர்ப்போம்.

கோல்டெங்கோவை வருத்துவன நான்கு: நெருப்பு, நிலம், பேய், இருள். நெருப்பைக் கார்சாம்ப் தாங்கும். பேயையும் இருளையும் தாங்க, நெருப்பும் இருளும் கலந்த இன்சினரோர் என்னும் புலியை மூன்றாவதாகச் சேர்ப்போம். பனியையும் இது தாங்குவதால் கார்சாம்புக்கு இரண்டாவது காவல் கிடைத்தது.

இப்போது நின்று கணக்குப் பார்க்க வேண்டும். புலியை வருத்துவன நீர், நிலம், பாறை, மல்யுத்தம். மல்யுத்தம் பேயினத்தின்மேல் பலிக்காது, கோல்டெங்கோ உண்டு. பாறையைக் கார்சாம்ப் தாங்கும். நீரும் நிலமுமே எஞ்சின. நிலம் கோல்டெங்கோவுக்கும் பகை, புலிக்கும் பகை. அதைத் தடுப்பார் இதுவரை ஒருவரும் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் தமக்குப் பிடித்த நான்காவதைச் சேர்த்து அணியைக் கெடுக்கின்றனர். நமக்கு வேண்டியது பிடித்தது அன்று. நீரைத் தாங்குவது, நிலத்துக்கு அஞ்சாதது. சலவைப்பொறி வடிவில் வரும் ரோட்டம் இவ்விரண்டையும் செய்யும். மின்சாரமும் நீரும் அதன் இனங்கள். அந்தரத்தில் மிதக்கும் தனித்திறன் இருப்பதால் நிலத் தாக்குதல் அதனை எட்டாது. அதனை வருத்துவது புல் ஒன்றே. புல்லைக் கோல்டெங்கோவும் தாங்கும், புலியும் தாங்கும்.

நான்கிலேயே வட்டம் ஏறக்குறைய மூடிவிட்டது. ஆனால் நன்றாக நோக்குக: தேவதைத் தாக்குதலைத் தாங்குவது கோல்டெங்கோ ஒன்றே. அது வீழ்ந்தால்? ஒரே தூணின் மேல் கூரை வேய்தல் தகாது. நஞ்சினம் தேவதையைத் தாங்குவது. எனவே புல்லும் நஞ்சும் கலந்த அமூங்கஸ் என்னும் காளானை ஐந்தாவதாகச் சேர்ப்போம். எதிரியின் குறியைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும் வித்தையும் அதற்கு உண்டு. அருகில் நிற்பவன் அச்சமின்றித் தன் வேலையைப் பார்க்கலாம்.

இம்முறையில், வலிமையைத் தேடி நாம் ஒன்றையும் சேர்க்கவில்லை. முன்னது விட்ட குறையே பின்னதைத் தேர்ந்தது. ஒரு தாளில் பதினெட்டு இனங்களையும் இடப்பக்கம் எழுதி, ஒவ்வோர் இனத்துக்கும் எதிரே வருந்துவோர் எத்தனை, தாங்குவோர் எத்தனை என்று குறித்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் இக்கணக்கு முடியும். அத்தாள் இல்லாமல் அணி வகுப்போர், கணக்கேடு இல்லாமல் கடை நடத்துவோர்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இவ்வாட்டத்தில் டெராஸ்டல் என்னும் முறையால், ஒரு போரில் ஒரு போக்கிமான் தன் இனத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆதலால் எதிரியின் பட்டியலை இறுதி உண்மை என்று நம்பிவிடலாகாது.

விரைவு: ஒரு புள்ளியின் விலை

பௌதிகம் படிப்போருக்கு இப்பகுதி எளிதாக விளங்கும். தாக்கு அளவில் ஒரு புள்ளி கூடினால் விளைவு சிறிதே கூடும். விரைவு அவ்வாறன்று. எதிரியைவிட ஒரு புள்ளி கூடினால் எப்போதும் முந்துவோம். ஒரு புள்ளி குறைந்தால் எப்போதும் பிந்துவோம். சமமானால் காசு சுண்டுவது போல்தான். தாக்கு ஒரு சரிவு. விரைவு ஒரு படிக்கட்டு.

அடிப்படை விரைவு 102 உடைய கார்சாம்பை முழுப் பயிற்சி அளித்து வளர்த்தால், 50-ஆம் படியில் அதன் விரைவு 169. அடிப்படை 100 உடைய சாலமென்ஸை அவ்வாறே வளர்த்தால் 167. இரண்டே புள்ளி! ஆனால் எதிரெதிரே நின்றால் முதலடி எப்போதும் கார்சாம்புக்கே.

ஈ.வி. என்று ஆட்டக்காரர் வழங்கும் பயிற்சிப் புள்ளிகள் ஒரு போக்கிமானுக்கு மொத்தம் 510. ஓர் அளவுக்கு 252-க்கு மேல் செல்லாது. இரண்டு அளவுகளை நிரப்பினால் எஞ்சுவது 6. இதனால், இரண்டை நிரப்பிவிட்டுக் கவலையின்றி இருப்பது பலர் பழக்கம். தேர்ந்தோர் அவ்வாறு செய்யார். "எவனை முந்த வேண்டும்? அவனை முந்த எத்தனை புள்ளி போதும்? எவன் அடியைத் தாங்க வேண்டும்? அதற்கு எத்தனை?" என்று கேட்டுப் பங்கிடுவர். எவனையும் முந்தப் போதாத விரைவு, வீணான செலவு. வீட்டிலிருந்து வரும் பணத்தை மாதம் முழுதும் பகிர்ந்து செலவிடத் தெரிந்த விடுதி மாணவர்க்கு இதை நான் விளக்க வேண்டுவதில்லை!

விரைவையே தலைகீழாக்கும் வழிகளும் உண்டு. டெயில்விண்ட் என்னும் வித்தை நம்மவர் விரைவை நான்கு சுற்றுக்கு இரட்டிப்பாக்கும். டிரிக் ரூம் என்பது ஐந்து சுற்றுக்கு மெதுவானதை முந்தச் செய்யும். நாம் கட்டிய ஐந்தனின் அடிப்படை விரைவுகள் 102, 84, 60, 86, 30. மூடிய வட்டத்தில் தெரியாத ஓட்டை இங்கே தெரிகிறது: விரைவை ஆளும் வித்தைக்கு நம் அணியில் இன்னும் ஒருவரையும் அமர்த்தவில்லை.

விதியா, கணக்கா?

தோற்றவர் வாயில் முதலில் வரும் சொல், "விதி!" என்பது. ஃபயர் பிளாஸ்ட் என்னும் நெருப்பு வித்தையின் வலிமை 110. குறி தாக்குவது நூற்றுக்கு 85. பிளேம்த்ரோவர் என்பதன் வலிமை 90, குறி தவறாது. சராசரி பார்த்தால் முன்னது 93.5, பின்னது 90. ஆகவே முன்னதே மேல் என்று பலர் கொள்வர்.

ஆனால் ஒரு போரில் நான்கு முறை ஃபயர் பிளாஸ்டை ஏவினால், ஒரு முறையேனும் தவறுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 48 விழுக்காடு. இரண்டு போருக்கு ஒன்று! இதனை விதி என்று சொல்லுதல் பொருந்துமா? அணி வகுத்த அன்றே நாம் கையொப்பமிட்ட ஒப்பந்தம் அது. எதிரியை வீழ்த்தப் பிளேம்த்ரோவரே போதுமாயின், மிகுதியான வலிமைக்காகத் தவறும் வாய்ப்பை விலைக்கு வாங்குதல் அறிவன்று. அது போதாது, ஃபயர் பிளாஸ்ட் ஒன்றே வீழ்த்தும் என்ற நிலை அடிக்கடி வருமாயின் அதையே கொள்க. சராசரி மட்டும் வழிகாட்டியன்று. எந்த நொடியில் எது வேண்டும் என்பதே வழிகாட்டி.

சிறியதற்கும் இடம்

2014-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் செஜுன் பார்க் வாகை சூடினார். அவர் அணியில் இருந்த பச்சிரிசு என்னும் சிறு அணில், கண்டோரையெல்லாம் வியப்பில் ஆழ்த்திற்று. அதன் மொத்தம் 405. நாம் மேலே கண்ட டிராகன்களைவிட 195 குறைவு.

"அன்பினால் சேர்த்திருப்பார்" என்று நினைப்போர் தவறுவர். அவர் அணியில் கியாரடாஸ் இருந்தது. நீரும் பறத்தலும் கலந்த அதற்கு மின்சாரம் நான்கு மடங்கு. பச்சிரிசுவோ மின்சாரத்தை உண்டு தன் உயிரை வளர்க்கும் தனித்திறன் பெறவல்லது. ஃபாலோ மீ என்னும் வித்தையால் எதிரியின் குறியைத் தன்மேல் இழுக்கவும் வல்லது. கியாரடாஸை நோக்கி வரும் மின்னலை அணில் இழுத்துக்கொண்டால் நண்பனும் பிழைப்பான், தானும் தேறும். மறுபுறம், அணிலை வருத்துவது நிலம் ஒன்றே. பறக்கும் கியாரடாஸுக்கு நிலத் தாக்குதல் எட்டாது. ஒன்றன் குறை மற்றொன்றின் நிறைவில் பொருந்திய பொருத்தம் இது!

இன்சினரோரும் இத்தகையதே. அதன் பெருமை அது கொடுக்கும் அடியில் இல்லை. களம் புகும்போதே எதிரிகள் இருவர் தாக்கையும் மூன்றில் இரண்டாகக் குறைக்கும் தனித்திறன் அதற்கு உண்டு. வந்த முதற் சுற்றில் ஃபேக் அவுட் என்னும் தட்டினால் ஓர் எதிரியைச் செயலறச் செய்யும். அந்த ஒரு சுற்றில் அருகில் நிற்பவன் செய்யும் வேலையே அதன் வெற்றி.

சிறியதற்கும் மெதுவானதற்கும் அணியில் இடம் உண்டு. ஆனால் இரக்கத்தால் தரும் இடம் நிலைக்காது. பணியால் பெறும் இடமே நிலைக்கும். உங்களுக்கு ஏதேனும் ஒரு போக்கிமான்மேல் அன்பு மிகுதியா? அதனை விட்டுவிடுக என்று நான் கூறமாட்டேன். அதனால் மட்டுமே செய்யக்கூடிய வேலை யாது என்று தேடுக. கிடைத்தால் உங்கள் அன்புக்கு அறிவு துணையாயிற்று. கிடைக்காவிடில், அதனைக் களத்தில் இறக்கி மீண்டும் மீண்டும் வீழ விடுவது அன்பாகாது.

சோதனைச் சாலை முறை

அணி தாளில் முடிவதில்லை. போக்கிமான் ஷோடவுன் என்னும் இலவச ஆட்டக்களம் கணினியிலேயே இயங்குவது. கைப்பொறி வாங்க இயலாத மாணவரும் அங்கே அணி வகுத்துப் பொருதலாம். அங்கே சோதனை செய்வோர் மூன்று நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும்.

முதலாவது: ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. இரண்டை மாற்றிவிட்டு வென்றால், வெற்றி எதனால் வந்தது என்று எவ்வாறு அறிவது?

இரண்டாவது: சிறு எண்ணிக்கையைக் கண்டு மகிழவும் வேண்டா, வருந்தவும் வேண்டா. பத்துப் போரில் ஆறு வென்றோம் என்று துள்ளுவோர் உண்டு. பத்து முறை காசு சுண்டினாலே ஆறோ அதற்கு மேலோ தலை விழுவதற்கு ஏறக்குறைய 38 விழுக்காடு வாய்ப்புண்டு. ஐம்பது போரேனும் ஆடிப் பின் பேசுவோம்.

மூன்றாவது: ஒவ்வொரு போரிலும் எந்த நான்கினை இறக்கினோம் என்று குறித்து வைக்க. ஐம்பது போரில் ஐந்து முறை கூட இறங்காதது, பெயருக்கு அணியில் இருக்கிறதேயன்றிப் படையில் இல்லை. அதன் இடத்தில் வேறொன்றை நினைக்கும் காலம் வந்துவிட்டது.

நண்பர்களே! நாம் கட்டிய அணியில் ஆறாவது இடம் காலியாகவே இருக்கிறது. அதை நிரப்பும் பணியை உங்களிடம் விடுகிறேன். வேண்டுவன இரண்டு: டிராகன் தாக்குதலுக்கு எதிரே கோல்டெங்கோவுக்கு ஒரு துணை, விரைவை ஆளும் ஒரு வித்தை. ஒன்றே இரண்டையும் செய்யுமாயின் மிக நன்று. செய்யாதெனின் எதனை விடுவது, விட்டதை வேறு எதனால் ஈடு செய்வது என்று எழுதிக் காட்டுக. விடை ஒன்றன்று; பல உண்டு. "எனக்கு இது பிடிக்கும்" என்பது மட்டும் விடையாகாது. "இது வந்தால் மற்ற ஐந்தும் இன்னின்ன செய்ய முடியும்" என்று தொடங்கும் விடை எதுவாயினும் அதனைப் படிக்கக் காத்திருக்கிறேன்.